ஊருக்குப் போகுமுன் வாயைத் திறந்து காட்டுங்கள்

போன மார்கழியில் லண்டனிலிருந்து பதினோரு நாள் லீவில் ஊருக்குப் போனேன். குடவாசல் பக்கம் எங்கள் ஊர். அப்பா விட்டுப்போன நஞ்சையில் என் பங்கைத் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இடது கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு மாதமாகவே பச்சைத் தண்ணீர் பட்டால் சுள்ளென்றது. இங்கே பல் மருத்துவரிடம் நேரம் கிடைப்பது பெரும்பாடு, கிடைத்தாலும் செலவு. ஊருக்குத்தானே போகிறோம், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நம்மில் பலர் இப்படித்தான் பல்லை ஊருக்கென்று ஒத்திப் போடுகிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆழமான சொத்தையோ, சொத்தையை அடைத்த பழைய ஃபில்லிங்குக்குக் கீழே சந்தோ இருந்தால், விமானத்தில் காற்றழுத்தம் மாறும்போதே வலி கிளம்பலாம். எனக்குத் திருச்சியில் இறங்கும்போதே பாதித் தலை வலித்தது.

கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே காட்டிவிடுங்கள். ஊரில்தான் செய்வதென்றால் போன மறுநாளே போய் உட்காருங்கள். ரூட் கேனால் என்கிற பல் வேர்ச் சிகிச்சைக்கு இரண்டு மூன்று தடவை போக வேண்டி வரலாம். அப்புறம் அளவெடுத்து, பல்லுக்கு மேலே மாட்டும் கேப்பை லேபில் செய்து வரச் சில நாள் ஆகும். கடைசி இரண்டு நாளில் தொடங்கினால் பாதி வேலையோடு விமானம் ஏறுவீர்கள். பழைய எக்ஸ்ரே போனில் இருக்கட்டும். ஊரில் எடுத்ததையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் மறுநாள் போகவில்லை. மூன்றாம் நாள் பத்திரப் பதிவு, அது முடியட்டும் என்றிருந்தேன்.

பதிவு அலுவலகத்தில் முதல் கேள்வியே ஆதார். என்னிடம் இருந்தது வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் நிற்கிறது, மூலப்பத்திரத்தோடு வைத்த வாரிசுச் சான்றிதழில் எனக்கு ஒற்றை இனிஷியல். பத்திர எழுத்தர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே ஆள்னு நோட்டரிகிட்ட உறுதிமொழி வாங்கிட்டு வந்துடுங்கம்மா." வாங்கி வருவதற்குள் எங்கள் டோக்கன் போய்விட்டது. நாளைக்கு வரச் சொன்னார்கள். (உங்கள் பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். இல்லையென்றால் அந்த உறுதிமொழியை முதல் வேலையாக வாங்குங்கள்.)

அன்று இரவு தூங்கவில்லை. காலையில் கன்னம் வீங்கியிருந்தது. வாயில் இரண்டு விரல் நுழைய இடமில்லை. முதலில் டாக்டரிடம் போய்விடுகிறேன் என்று சித்தப்பாவிடம் சொன்னேன்.

"பல்லு வலிதானே ஆயி. கையெழுத்துப் போட்டுட்டுப் போ. சாட்சிக்கு வர்ற ரெண்டு பேரும் நேத்தே ஒரு நாள் வேலையை விட்டுட்டு வந்தாங்க. நாளைக்கு நாளும் சரியில்ல."

அவர் கெட்டவர் இல்லை. அப்பா போனதிலிருந்து அந்த வயலுக்குத் தண்ணீர் கட்டியவர் அவர்தான். அடைமழையில் பயிர் மூழ்கிய ராத்திரிகளில் மண்வெட்டியோடு வடிகால் வெட்டப் போனவர். நான் அப்போதெல்லாம் போனில் "மழையா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனவள். அந்தச் சாட்சிகளின் ஒரு நாள் கூலியைவிட என் பல் பெரிது என்று எந்த முகத்தோடு சொல்வது? போனேன்.

பதினொரு மணிக்கு சர்வர் நின்றது. மர பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அத்தை வீட்டிலிருந்து உப்பை வறுத்துத் துணியில் முடிந்து எடுத்து வந்து ஒத்தடம் கொடுத்தார். தம்பி மருந்துக்கடையில் நாலு மாத்திரை வாங்கி வந்தான். மூன்றரைக்கு என் பெயர் கூப்பிட்டார்கள். கட்டைவிரலை வைத்தேன். "நேரா கேமராவைப் பாருங்கம்மா" என்றார்கள், பார்த்தேன். பத்திரத்தில் இருக்கும் படத்தில் என் இடது கன்னம் எலுமிச்சம்பழம் அடக்கியது போல இருக்கிறது. தம்பியின் பேரப்பிள்ளைகள் அந்தப் பத்திரத்தைப் பிரிக்கும்போதும் அந்த முகம்தான் இருக்கும்.

ஆறு மணிக்குக் கும்பகோணத்தில் ஒரு பல் மருத்துவர், என் மகள் வயதுப் பெண், பல்லைத் திறந்து சீழை வடித்தார். வீக்கம் அதற்குள் தாடைக்கு அடியில் இறங்கிவிட்டிருந்தது. இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தால் தஞ்சாவூருக்கு அனுப்பியிருப்பேன் என்றார்.

அதனால் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். வீக்கம் கண்ணை நோக்கி ஏறினாலோ, தாடைக்கு அடியில், கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தாலோ அது வெறும் பல்வலி இல்லை. கிளினிக் தேடி அலையாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மூச்சுத் திணறினால் 108. எந்தச் சித்தப்பாவும் எந்த நல்ல நாளும் குறுக்கே வரக் கூடாது.

வீக்கத்துக்கு மேலே சூட்டு ஒத்தடம் வேண்டாம், குளிர்ந்த துணிதான். ஆஸ்பிரினை ஈறில் அடக்கினால் ஈறு வெந்துபோகும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் வலியைச் சில நாள் அமுக்கும், வேருக்குள் இருக்கும் சீழ் அங்கேயேதான் இருக்கும். டாக்டரைப் பார்க்கும்வரை பாராசிட்டமால், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு, இவை போதும். மழைக்காலத்தில் காய்ச்சலும் இருந்தால், டெங்கு இல்லையென்று தெரியும்வரை இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை வேண்டாம்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று. குளத்துப் படியில் வழுக்கி விழுந்து முன்பல் முழுதாகக் கழன்று வந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். தேய்த்துக் கழுவாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலில் ஒரு அலசு அலசி, முடிந்தால் அந்தக் குழியிலேயே திருப்பி வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். பால் எந்த டீக்கடையிலும் கிடைக்கும். அரை மணிக்குள் போய்விட்டால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பால் பல்லாக இருந்தால் திருப்பி வைக்கக் கூடாது.

இனி ஈறு. இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அம்மாவோடு தினமும் சாயங்காலம் போனில் பேசுவேன். இரண்டு வருஷமாகப் பின்னால் ணங் ணங்கென்று ஒரு சத்தம் கேட்கும். என்னம்மா சத்தம் என்றால் "ஒண்ணுமில்ல" என்பார். ஊருக்குப் போன அன்று பார்த்தேன். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, கைப்பிடி அளவு இரும்பு உரலில் வெற்றிலையும் சீவலும் போட்டு இடித்துக்கொண்டிருந்தார். கடிக்கப் பல் இல்லை. பின்பல் ஒன்றுகூட மிச்சமில்லை. ஒவ்வொன்றாக ஆடி, தானே விரலால் எடுத்துக் கொல்லையில் போட்டாராம். வலிக்கவில்லையா என்றேன். "வலிச்சாத்தான் சொல்லியிருப்பேனே."

ஈறு நோய் அப்படித்தான், பெரும்பாலும் வலிக்காது. பல்லில் படியும் அழுக்குப் படலத்தைத் தினமும் எடுக்காவிட்டால் அது இறுகிக் காரையாகிறது. பிரஷ் அதை எடுக்காது. ஈறு சிவந்து ரத்தம் கசியும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தில் தேய்ப்பதை நிறுத்துவார்கள், அதுதான் தவறு. அந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு பழைய நிலைக்கு வந்துவிடும். அதைத் தாண்டி எலும்பு கரைந்துவிட்டால் திரும்பாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வேகமாகப் போகும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கஷ்டம். அம்மாவுக்கு இரண்டுமே இருந்தன. கிளீன் செய்தால் பல் ஆடும் என்று யாரோ சொல்ல, அவர் போகவே இல்லை. காரை பல்லைத் தாங்கி நின்றதால், அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்பதும் உண்மை இல்லை.

ஆகவே போய் இறங்கியதும் சாக்லேட் பிரிப்பதற்கு முன்னால் பெரியவர்களின் வாயைப் பாருங்கள். என்ன சாப்பிடுகிறார்கள், எதைத் தொடாமல் ஒதுக்குகிறார்கள் என்று பாருங்கள். முறுக்கை அம்மா காப்பியில் ஊறப்போட்டதை நான் ருசி என்று நினைத்தேன். வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களென்றால் கன்னத்தின் உள்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாய் முன்போலத் திறக்காமை, எது இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும்.

அம்மாவை அதே டாக்டரிடம் அழைத்துப் போனேன். திட்டு ஏதும் இல்லை. மீதி இருந்த முன்பற்களைச் சுத்தம் செய்து, ஈறு ஆறியதும் பல் செட்டுக்கு அளவெடுக்க வரச் சொன்னார். அதற்குள் என் லீவு முடிந்துவிட்டது. பணத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்றுப் பேசும்போதும் உரல் சத்தம் கேட்டது. அளவெடுக்கப் போனியா என்றேன்.

"சம்பா அறுப்பு முடியட்டும்மா" என்றார்.