வெள்ளாட்டை மின்வேலிக்குள் நிறுத்துவது எப்படி?

செம்மறிக்குக் கிளுவை வேலி போதும். வெள்ளாடு அப்படியில்லை, இடுக்கு தெரிந்தால் தலையை விடும், தலை நுழைந்தால் உடம்பும் போய்விடும், அப்புறம் பக்கத்துத் தோட்டத்து முருங்கைக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். கொறங்காட்டில், அதாவது கிளுவை முள்செடியை உயிர்வேலியாக வைத்த மேய்ச்சல் காட்டில், கிளுவை பட்டுப்போன இடத்தில் சோலார் மின்வேலி போட நினைப்பவர்கள் ஒன்றை முதலில் புரிந்துகொள்ளுங்கள்: கம்பிக்கென்று பலம் கிடையாது. முதல் தடவை மூக்கில் வாங்கிய அடியின் ஞாபகம்தான் ஆட்டை நிறுத்துகிறது.

ஐந்து கம்பி போடுங்கள். தரையிலிருந்து 6, 12, 20, 30, 42 அங்குலம். கீழ்க்கம்பி உயர்ந்தால் குட்டிகள் அடியில் நுழைந்துவிடும்.

பெரும்பாலும் கோளாறு வருவது எர்த்திங்கில்தான். கரண்ட் ஆட்டின் உடம்பு வழியாகக் குளம்புக்கு வந்து, மண் வழியாக எர்த் ராடுக்கு, அதாவது மண்ணில் இறக்கிய இரும்புக் கம்பிக்கு, திரும்பினால்தான் அடி விழும். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து கிடக்கும்போது அந்தப் பாதையே இருக்காது. எங்கள் காட்டில் ஒரு கோடையில் கிடா ஒன்று கம்பியில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது, ராடைச் சுற்றி நாலு குடம் தண்ணீர் ஊற்றியதும்தான் விலகியது. 6 அடி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடு மூன்றை 10 அடி இடைவெளியில் ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து இறக்குங்கள். வறண்ட காடு என்றால் இரண்டாவது, நான்காவது கம்பிகளை எர்த்தோடு சேர்த்துவிடுங்கள், தலையை நுழைக்கும் ஆடு இரண்டு கம்பியையும் ஒன்றாகத் தொடும், காய்ந்த மண்ணிலும் அடி கிடைக்கும். வேலியின் கடைசி மூலையில் மின்வேலி மீட்டர் வைத்துப் பாருங்கள், 4000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் வெள்ளாடு மதிக்காது.

வேலி தயாரானதும் ஆடுகளை நேராக உள்ளே விடாதீர்கள். முதலில் பட்டிக்குள், கெட்டியான படலுக்கு இரண்டடி முன்னால் கம்பியை இழுத்து, அதற்கு அந்தப் பக்கம் அகத்தித் தழையைக் கட்டுங்கள். தழையைத் தேடி நீட்டும் ஈர மூக்கில் அடி விழுந்தால் ஆடு பின்னால் துள்ளும். காதுக்குப் பின்னால் விழுந்தால் முன்னால் பாயும், அப்போது படல் தடுக்க வேண்டும், பாய்ந்து தப்பிக்கலாம் என்று ஒருமுறை கற்றுக்கொண்ட ஆட்டைத் திருத்துவது ரொம்பக் கஷ்டம். நாலைந்து நாள் இப்படிப் பழக்குங்கள். கொம்புள்ள ஆடுகளுக்கு மின்வலை வேண்டாம், கொம்பு மாட்டினால் விடுபட முடியாமல் அடி வாங்கியே செத்துவிடும்.

வீட்டு கரண்டையோ பம்புசெட் லைனையோ நேராகக் கம்பியில் கொடுக்கவே கூடாது. வேலிக்கு மின்சாரம் அனுப்பும் கருவியான எனர்ஜைசர் சுமார் நொடிக்கு ஒருமுறை கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத்தான் மின்சாரம் விடும், அதனால்தான் தொட்டவர் கையை எடுத்துக்கொள்ள முடிகிறது. நேர் லைன் மனிதரையும் யானையையும் கொன்றுவிடும், சட்டப்படி குற்றமும்கூட. தமிழ்நாட்டில் மின்வேலிகளுக்கு 2023-ல் தனி விதிகள் வந்திருக்கின்றன, காப்புக்காட்டுப் பக்கம் நிலம் இருந்தால் வனத்துறையிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு கொழுக்கட்டைப் புல் கீழ்க்கம்பியைத் தொடும், வோல்ட் இறங்கும். வாரம் ஒருமுறை அரிவாளோடு வேலியோரம் ஒரு சுற்று நடந்து வாருங்கள், இடி இடிக்கும் நாளில் எனர்ஜைசரைக் கம்பியிலிருந்து கழற்றிவிடுங்கள்.