சப்போட்டாவில் முளைத்த பாலை

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் வைத்த ஒட்டுச் சப்போட்டா, மூன்று ஆண்டுகளில் இடுப்புயரம் தழைத்தும் ஒரு பூகூட விடவில்லை. நடுவிலிருந்த கிளை மட்டும் மெலிந்து இலை உதிர்த்தது. போர் தண்ணீரின் உப்புதான் காரணமென்று எண்ணி, பத்து நாள் குடிநீரைக் குடம் குடமாக ஊற்றினேன். சப்போட்டா ஓரளவு உப்பைத் தாங்கும் மரம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வேப்பம்பிண்ணாக்கு இட்டதில், தழைத்த கிளைகளே மேலும் தழைத்தன.

உதிர்ந்த இலைகளைக் கூட்டும்போது, சில நுனி கூம்பியும், சில நகத்தால் கிள்ளியதுபோல் நுனியில் பிளவுபட்டும் இருப்பதைக் கண்டேன். பிளவுபட்டவை, சப்போட்டாவின் உறவு மரமான பாலையின் இலைகள். சப்போட்டாவைப் பாலைக் கன்றின்மீதே ஒட்டுக் கட்டுவது வழக்கம். செழித்திருந்த மூன்று கிளைகளையும் கீழ்நோக்கித் தடவிச் சென்றபோது, மூன்றுமே ஒட்டுத் தழும்புக்கு நான்கு விரற்கடை கீழே, மண்ணுக்குள்ளிருந்து கிளம்பியிருந்தன; தழைத்தது சப்போட்டா அல்ல, பாலைதான். மண்ணைப் பறித்து, அடித்துண்டு எஞ்சாதபடி அடியோடு அறுத்து, வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசினேன். அடித்துண்டு விட்டால் அதிலிருந்தே மறுபடி துளிர்க்கும். அப்படியும் எட்டிப்பார்த்த முளைகளை வாரந்தோறும் கட்டைவிரலால் தேய்த்து நீக்கினேன்.

ஏழாவது வாரம் மெலிந்த கிளையில் புதுத்தளிர் வந்தது. நிம்மதிதான். இலைகளின் நுனி கூம்பியே இருக்கிறது.