நன்னடத்தையில் இருக்கும் பையனுக்கு முன்னேற்ற அறிக்கை எழுதுவது எப்படி

‘நடத்தை திருப்திகரமாக உள்ளது.’ வழக்கில் சிக்கி, இல்லத்துக்கு அனுப்பப்படாமல் நன்னடத்தையில், அதாவது நிபந்தனைகளோடு கண்காணிப்பில், வீட்டில் இருக்கும் பையனைப் பற்றி, புதிதாக வரும் நன்னடத்தை அலுவலர்கள் பலர் இந்த ஒரே வரியோடு அறிக்கையை முடித்துவிடுகிறார்கள். இதை வைத்துக்கொண்டு, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் என்ன முடிவுக்கு வர முடியும்?

முதலில் குழுமத்தின் உத்தரவை எடுத்துப் படியுங்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி நன்னடத்தைக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகள். பள்ளி, கவுன்சலிங் என்று உத்தரவில் என்னென்ன நிபந்தனை இருக்கிறதோ, ஒவ்வொன்றுக்கும் அறிக்கையில் பதில் வேண்டும்.

அப்புறம், வீட்டுக்கு நேரில் போங்கள். போனில் கேட்டு எழுதுவது வேலைக்கு ஆகாது. சேலம் அம்மாபேட்டைப் பக்கம் தறி ஓடும் வீடுகளில் பேசுவதே காதில் விழாது. நான் கரண்ட் நிறுத்தும் நாளாகப் பார்த்துப் போவேன்.

ஏற்காட்டு எஸ்டேட்டில் ஒரு பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் வருகைப் பதிவேட்டில் வரிசையாக ஆப்சென்ட். ‘பள்ளிக்கு ஒழுங்காகச் செல்வதில்லை’ என்று எழுதிவிடலாம்தான். ஆனால் அது காபிப் பழம் பறிக்கும் காலம். அம்மா விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். மூன்று வயதுத் தங்கையை இவன்தான் பார்த்துக்கொள்கிறான். அதனால் இப்படி எழுதுங்கள்: ‘டிசம்பரில் 9 நாள் பள்ளிக்கு வரவில்லை. தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று தாய் கூறினார். அங்கன்வாடியில் பேசிக் குழந்தையைச் சேர்த்தோம். ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் வருவதாக வகுப்பாசிரியர் தெரிவித்தார்.’ நடந்தது, காரணம், நீங்கள் செய்தது, யார் சொன்னது, எல்லாம் நான்கே வரியில் வந்துவிட்டது.

கவுன்சலிங்குக்கு வரவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பையன் மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டால், அடுத்த முறை நீங்கள் எழுதும் நல்லதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

டீக்கடைப் பேச்சை அறிக்கையில் ஏற்றாதீர்கள். முதலில் டீக்கடையில் விசாரிக்கவே கூடாது. ‘அந்தக் கேஸ் பையன் வீடு எது?’ என்று ஒருமுறை கேட்டால் போதும், சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. ‘குற்றவாளி’ என்ற சொல்லும் அறிக்கையில் எங்கும் வேண்டாம்.

பரிந்துரையில் ‘தொடர்ந்து கண்காணிக்கலாம்’ என்று பொதுவாக விடாமல், ஐடிஐ விண்ணப்பமா, டியூஷனா, யார் எப்போதைக்குள் செய்வது என்று குறிப்பிடுங்கள். கொடுப்பதற்கு முன் பையனிடம் ஒருமுறை படித்துக் காட்டி, ‘இதுல தப்பா ஏதாவது இருக்கா தம்பி?’ என்று கேளுங்கள். இரண்டு பக்கம் போதும், சரியா? வருகைப் பதிவேட்டின் நகலை மட்டும் மறக்காமல் இணைத்துவிடுங்கள்.