பிள்ளைக்குக் கண்ணில் நீர் வடிகிறதா? மசாஜை இப்படிச் செய்யுங்கள்

கண் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் ஓ.பி.யில் நர்ஸாக இருக்கிறேன். கைக்குழந்தையோடு வருகிற அம்மாக்களில் பலர் சொல்வது ஒன்றுதான். "பொறந்து ஒரு மாசத்துல இருந்தே இடது கண்ணுல தண்ணி வடியுது சிஸ்டர். காலையில பீளை கட்டி இமை ஒட்டிக்குது. மசாஜ் பண்ணச் சொன்னாங்க, பண்ணோம், கேக்கலை." எப்படிப் பண்ணினீர்கள், காட்டுங்கள் என்றால், மூக்குத் தண்டின் மேல் விரலை வைத்து எண்ணெய் தேய்ப்பதுபோல் இதமாகத் தடவுவார்கள். அதில் பிள்ளைக்குத் தூக்கம் வரும், கண்ணீர்க் குழாயில் இருக்கும் அடைப்பு போகாது. இந்த மசாஜில் தடவல் கிடையாது. அழுத்தம்தான் வைத்தியம்.

இமைகளின் உள் மூலையில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஊசிமுனை அளவு துவாரங்கள் இருக்கின்றன. கண்ணீர் அவற்றின் வழியாக மூக்கை ஒட்டிய கண்ணீர்ப்பைக்குப் போய், அங்கிருந்து குழாயில் இறங்கி மூக்குக்குள் வருகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். சில பிள்ளைகளுக்குக் குழாயின் அடிமுனையில் ஒரு மெல்லிய சவ்வு திறக்காமலே பிறந்துவிடும். நீர் தேங்கும், வழியும். தேங்கியதில் கிருமி சேர்ந்தால் பீளை தள்ளும். பையை மேலிருந்து சரியாக அழுத்தினால் உள்ளே இருக்கும் நீரே கீழே பாய்ந்து சவ்வைத் திறந்துவிடும். கிரிக்லர் என்ற டாக்டர் 1923-ல் எழுதிவைத்த முறை இது. இன்றைக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்குள் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும்.

பிள்ளைமேல் கைவைக்கும் முன் உங்கள் முகத்திலேயே ஒருமுறை பாருங்கள். ஆள்காட்டி விரலைக் கண்ணின் உள் மூலைக்குச் சற்றுக் கீழே, மூக்கோடு ஒட்டி வையுங்கள். எலும்பின் விளிம்பு ஒன்று தட்டுப்படும். அந்த விளிம்பைத் தாண்டி, கண் பக்கமாக விரலைக் கொஞ்சம் நகர்த்தினால் மெத்தென்று ஒரு சின்னப் பள்ளம். பை அங்கேதான் இருக்கிறது. விரல் மூக்கு எலும்பின் மேலேயே நின்றால் நாள் முழுக்க அழுத்தினாலும் எலும்பைத்தான் அழுத்துகிறீர்கள்.

இடம் பிடிபட்டதா? இனி பிள்ளைக்கு. நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிறந்த குழந்தையின் முகத்துக்குச் சுண்டுவிரல்தான் தோதானது. பால் குடிக்கும் நேரமோ, குடித்துக் கண் சொக்கும் நேரமோ நல்லது. அந்தப் பள்ளத்தில் விரல் நுனியை வைத்து முதலில் உள்நோக்கி அழுத்துங்கள். இப்படி அழுத்தும்போது நீர் மேலே கண்ணுக்குத் திரும்பும் வழி அடைபடும். அழுத்தத்தை விடாமல், மூக்கின் ஓரமாக, மூக்குத் துவாரத்தை நோக்கி விரலைக் கீழே இறக்குங்கள். விரலை எடுத்துவிட்டு மறுபடி மேலிருந்து. கீழிருந்து மேலே தேய்க்க வேண்டாம். ஒரு வேளைக்கு 5 முதல் 10 தரம், நாளுக்கு மூன்று நான்கு வேளை. கண்விழியில் மட்டும் விரல் படவே கூடாது.

அழுத்தும்போது பிள்ளை முகம் சுளிக்கும், சிணுங்கும். சில சமயம் உள் மூலையிலிருந்து மஞ்சளாகக் கொஞ்சம் பீளை மேலே வரும். பல அம்மாக்கள் அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். விரல் பையின் மேல்தான் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால், மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடைத்துப் பஞ்சைப் போட்டுவிடுங்கள். அடுத்த கண்ணுக்கு வேறு பஞ்சு. சொட்டு மருந்து எழுதிக்கொடுத்திருந்தால் மசாஜ், துடைப்பு எல்லாம் முடிந்த பிறகு விடுங்கள்.

வெறும் நீர் வடிந்தால் சொட்டு மருந்து தேவைப்படாது. மெடிக்கலில் கேட்டு நீங்களாக வாங்கவும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்தது கைக்கு வந்தால் கண் பிரஷர் ஏறலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், வாயால் ஊதுவது எதுவும் கூடாது. மை விஷயத்தில் பாட்டிகளோடு நான் சண்டை போடுவதில்லை. திருஷ்டிக்குக் கன்னத்திலோ உள்ளங்காலிலோ பொட்டு வையுங்கள், கண்ணுக்குள் வேண்டாம் என்று முடித்துக்கொள்வேன்.

சிலதற்கு மசாஜ் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. பிறந்த முதல் மாதத்தில் இமை வீங்கிச் சீழ் கொட்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. உள் மூலையில் நீலம் பாய்ந்த உருண்டை வீக்கம், அதோடு மூச்சுவிடச் சிரமம் என்றாலும் அப்படியே. அந்த இடம் சிவந்து, சூடாகி, தொட்டாலே அலறினால் மசாஜை நிறுத்துங்கள், அழுத்தவே கூடாது. நீர் வடிவதோடு வெளிச்சம் பட்டால் பிள்ளை கண்ணை இறுக மூடுகிறது, கருவிழி பெரிதாகவோ புகைபோலவோ தெரிகிறது என்றால் அது குழந்தைக்கு வரும் கண் பிரஷராக இருக்கலாம். அதில் நாள் கடத்தினால் பார்வையே போய்விடும்.

ஒரு வயதாகியும் வடிந்தால் பிரோபிங் செய்வார்கள். மயக்கம் கொடுத்து, மழுங்கிய முனையுள்ள மெல்லிய கம்பியை இமை மூலையில் இருக்கும் துவாரம் வழியாக இறக்கிச் சவ்வைத் திறப்பது. சில நிமிட வேலை, தையல் இல்லை. மூக்கில் லேசாக ரத்தக் கசிவு வரலாம். அதிலும் கேட்காவிட்டால் குழாய்க்குள் சிலிக்கான் டியூப் வைப்பார்கள். தானாகச் சரியாகும் என்று மூன்று நான்கு வயது வரை தள்ளிப்போடாதீர்கள். வயது ஏற ஏறப் பிரோபிங் பலிப்பது குறையும்.

கூட வருகிற பாட்டி, "எனக்கும்தான் வடியுது, நானும் அமுக்கவா?" என்பார். பெரியவர்களுக்கு வருவது வேறு. குழாயே சுருங்கிப்போவது அது, மசாஜில் திறக்காது. கண் வறட்சி, இமை மயிர் உள்ளே திரும்பிக் குத்துவது இவற்றாலும் நீர் வடியும். இமைத் துவாரத்தில் உப்புநீரைச் செலுத்திப் பார்ப்பார்கள். தொண்டையில் உப்புக் கரித்தால் வழி திறந்திருக்கிறது. அடைப்பு என்றால் பையிலிருந்து மூக்குக்குப் புது வழி போடும் டி.சி.ஆர். ஆபரேஷன் உண்டு. கண்புரைக்குத் தேதி வாங்கியிருக்கும் பெரியவர்கள் இந்த வடிதலை டாக்டரிடம் மறைக்கவே வேண்டாம். பையில் சீழை வைத்துக்கொண்டு புரை ஆபரேஷன் செய்தால் கிருமி கண்ணுக்குள்ளேயே போய்விடும்.