ராமேசுவரம் ரயில் நிலையத்திடம் நகராட்சி சேவைக் கட்டணம் கேட்பது எப்படி?

நம் ஊரில் சின்ன ஓட்டு வீட்டுக்குச் சொத்து வரி பாக்கி விழுந்தாலும் பில் கலெக்டர் வாசலில் வந்து நிற்பார். ரயில் நிலையத்திடம் அப்படிக் கேட்க முடியாது. மத்திய அரசின் சொத்துக்கு உள்ளூர் வரி கிடையாது என்று அரசியலமைப்பின் 285ஆவது பிரிவு சொல்கிறது, ரயில்வே சட்டம் 1989இலும் 184ஆவது பிரிவு இருக்கிறது. வரிதான் கிடையாது, சேவைக் கட்டணம் உண்டு. ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுதான் இதற்கு ஆதாரம், அதன் நகலை முதலில் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஊரில் உள்ள மத்திய அரசுச் சொத்துகளின் பட்டியல். ராமேசுவரத்தில் ரயில் நிலையம், ரயில்வே குடியிருப்பு, தபால் நிலையம். மண்டபம் பேரூராட்சி என்றால் கடலோரக் காவல்படை. ஒவ்வொன்றும் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அரசுக்குச் சொந்தமான கம்பெனி என்றால் 285 அதற்குப் பொருந்தாது, முழு வரியே கேட்கலாம். இந்திய உணவுக் கழகத்துக்கு அப்படித்தான் தீர்ப்பு வந்தது.

இனி கணக்கு. தனியார் கட்டிடமாக இருந்தால் எவ்வளவு வரி வரும் என்று அளந்து போட வேண்டும். ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஊரின் சேவை முழுவதையும் வாங்கினால் 75 சதவீதம், அதாவது 75,000 ரூபாய். கொஞ்சம் வாங்கினால் பாதி. எதுவுமே வாங்காவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு, 33,333 ரூபாய் தர வேண்டும். சண்டை வருவது இங்கேதான். "தண்ணீர் எங்களுடையது, குப்பையை நாங்களே அள்ளுகிறோம்" என்பார்கள். சரி, நிலையத்துக்கு வரும் சாலை யார் போட்டது, வாசலில் தெருவிளக்கு யாருடையது, கழிவுநீர் எந்த வாய்க்காலில் போய் விழுகிறது? இதையெல்லாம் தேதியோடு படம் எடுத்து வையுங்கள், அமாவாசைக் கூட்டம் போன மறுநாள் காலையில் போனால் இன்னும் நன்றாகத் தெரியும்.

நகராட்சி இதுவரை கேட்டதா என்பதை அறிய தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். கேட்பு (எவ்வளவு கேட்டது), வசூல், நிலுவை மூன்றையும் ஆண்டுவாரியாகக் கேளுங்கள். கேட்பே போடவில்லை என்று பதில் வந்தால் ரயில்வேயைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. அமெரிக்காவில் மத்திய அரசின் மின் நிறுவனமான டென்னசி வேலி அத்தாரிட்டி, மின்சாரம் விற்ற வருமானத்தில் 5 சதவீதத்தை வரிக்குப் பதிலாக மாநிலங்களுக்கும் கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் போன்றவை) கொடுக்கிறது, அதைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. இங்கே உள்ளாட்சி கணக்குப் போட்டுக் கேட்டால்தான் வரும்.

அந்தப் பதிலோடு கவுன்சிலரைப் பிடித்து, மன்றத்தில் தீர்மானம் போட்டு, ரயில்வேயோடு ஒப்பந்தம் எழுதச் சொல்லுங்கள். தராவிட்டால் தண்ணீரை நிறுத்துவோம் என்று மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம், அந்த வழியை நீதிமன்றம் அடைத்துவிட்டது.