கடனுக்கு நூல் அனுப்பும் முன் இந்தப் பட்டியலைப் பாருங்க

திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கடனுக்கு நூல் போடறீங்களா? அது பிரைவேட் லிமிடெட்னா, கம்பெனி விவகார அமைச்சகத் தளத்துல 100 ரூபாய் கட்டி அதோட பேலன்ஸ் ஷீட்டை எடுத்துடலாம். லாபத்தை அப்புறம் பார்த்துக்கலாம். நேரா நோட்ஸுக்கு, அதாவது பேலன்ஸ் ஷீட்டோட சேர்ந்து வர்ற விளக்கக் குறிப்புகளுக்குப் போங்க. 2021 ஏப்ரல்ல இருந்து, வர வேண்டிய பாக்கியை ஆறு மாசத்துக்குள்ள, ஒரு வருஷம் வரைக்கும், மூணு வருஷத்துக்கு மேலன்னு வயசு வாரியாப் பிரிச்சுக் காட்டியாகணும். சின்னக் கம்பெனிக்குக் கேஷ் ஃப்ளோ (பணம் வந்து போன கணக்கு) கட்டாயமில்லை, அதனால நமக்குக் கைகொடுக்கிறது இதுதான்.

உதாரணத்துக்கு, விற்பனை 20 கோடி, பாக்கி 8 கோடி. 8ஐ 20ஆல வகுத்து 365ஆல பெருக்கினா 146 நாள். அவங்களுக்கே காசு வர அஞ்சு மாசம் ஆகுது. உங்ககிட்ட 45 நாள் தவணை கேட்கிறாங்கன்னா கொஞ்சம் யோசிங்க. கொடுக்க வேண்டிய பாக்கிக்கும் இதே மாதிரி பட்டியல் உண்டு, அதையும் ஒரு பார்வை பார்த்துடுங்க.