எழுத்துச் சுருக்கங்களைப் பொருள் பிறழாமல் படிப்பது எப்படி

கோத்தகிரியிலும் குன்னூரிலும் ஹோம்ஸ்டே நடத்துவோர், சுற்றுலா வாகனம் ஓட்டுவோர், பிள்ளைகளை வெளியூருக்குப் படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோர் ஆகிய எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் இன்று இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளாலான சுருக்கங்கள் வந்து சேர்கின்றன. அவற்றின் விரிவைத் தேடிப் பிடிப்பது எளிது. அந்த விரிவு கையிலுள்ள செய்திக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். ஆகவே நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, சோதித்துப் படிக்கும் முறையைப் பழகிக்கொள்வதே பயன் தரும்.

முதலில், எழுதியவர் யார், எந்தத் துறையிலிருந்து எழுதுகிறார் என்று பாருங்கள். நீலகிரியில் பச்சைத் தேயிலை கொடுக்கும் சிறு விவசாயிக்கு சிடிசி என்றால் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தூளாக்கும் முறை. அவருடைய மகளுக்குப் பெங்களூரு நிறுவனத்திலிருந்து வரும் பணி ஆணையில் உள்ள சிடிசியோ, ஒரு பணியாளருக்காக நிறுவனம் ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு. பெரும்பாலும் நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதிப் பங்கும் அதில் அடங்கியிருக்கும் என்பதால், அந்தத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து அதுவே மாதம் கைக்கு வரும் சம்பளம் என்று கணக்குப் போடக் கூடாது. ஓபி என்பதும் இப்படித்தான்: மருத்துவமனையில் அது புறநோயாளிகள் பிரிவு, செல்பேசியில் விளையாடும் பையனுக்கு, சமாளிக்க முடியாத வலுவுள்ள ஆட்டக்காரர், நம் பேச்சில் ஓபி அடிப்பது என்றால் வேலை செய்யாமல் நேரத்தைக் கடத்துவது.

அடுத்து, சுருக்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முழுச் சொற்களை வைத்து வாக்கியத்தைப் படியுங்கள். "ஐ ஆம் இன் குன்னூர் ஏடிஎம்" என்று பயணி அனுப்பிய செய்தியைப் பார்க்கும் ஓட்டுநர், அந்த ஊரின் பெட்ஃபோர்டு பக்கம் பணம் எடுக்கும் இயந்திரம் உள்ள இடங்களில் எல்லாம் அவரைத் தேடக்கூடும். பயணி சொல்ல வந்தது "அட் த மொமென்ட்", அதாவது தற்சமயம் குன்னூரில் இருக்கிறேன் என்பது. இதைக் கண்டுகொள்ள அந்த வரியிலேயே தடயம் உண்டு. சுருக்கம் வாக்கியத்தின் கடைசியில், காலத்தைக் குறிக்கும் சொல் நிற்கும் இடத்தில் நிற்கிறது. வங்கியின் பெயரோ, 'அருகில்' என்ற சொல்லோ இல்லை. சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சாதாரண ஆங்கிலச் சொல்லைப் போலவே தோன்றும் சுருக்கங்களில் கூடுதல் கவனம் தேவை. "மேப் ரேட் என்ன?" என்று கேட்கும் முகவர் வழிகாட்டும் வரைபடத்தைக் கேட்கவில்லை, அறையுடன் காலை உணவும் இன்னொரு வேளை உணவும் சேர்ந்த கட்டணத்தைக் கேட்கிறார். மூன்று வேளையும் சேர்ந்தால் ஏபி, காலை உணவு மட்டும் என்றால் சிபி, அறை மட்டும் என்றால் ஈபி. தமிழ் எழுத்தில் எழுதிவைத்தால் இந்த ஈபியும் மின்வாரியத்தைக் குறிக்கும் ஈபியும் ஒன்றாகிவிடும் என்பதால், வந்த ஆங்கில எழுத்துகளையே மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. கோட் என்று ஒரு விளையாட்டு வீரரைப் புகழ்ந்தால் அது ஆட்டைக் குறிக்காது, எக்காலத்திலும் தலைசிறந்தவர் என்று பொருள்.

விரிவு சரியாகத் தெரிந்தாலும் சுருக்கத்தின் கனம் முழுச் சொல்லின் கனமாக இருப்பதில்லை. இதுவே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எல்ஓஎல் என்பதன் விரிவு வாய்விட்டுச் சிரித்தல். ஆனால் இன்று அதை எழுதுவோர் பெரும்பாலும் சிரிப்பதே இல்லை. சொன்னது கடுமையாகப் பட்டுவிடக் கூடாது என்று வாக்கியத்தை மென்மையாக்கவே சேர்க்கிறார்கள். பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரன் அதை நிறைய அன்புடன் என்ற பொருளில் குறுஞ்செய்தியின் முடிவில் எழுதிவந்தார் என்பது 2012இல் அங்கு பத்திரிகைத் துறை பற்றி நடந்த விசாரணையில் வெளிவந்தது. துக்கம் விசாரிக்கும் செய்தியில் இப்படி நேர்ந்தால் உறவே கசந்துவிடும். ஓகே என்பது இசைவு. கே என்று ஒற்றை எழுத்தாக வந்தால், இளையோர் பலர் அதை முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவே கொள்வார்கள். டிபிஎச், அதாவது உள்ளதைச் சொன்னால் என்று தொடங்கும் விருந்தினர் கருத்தில், பின்னால் ஒரு குறை வர வாய்ப்பு அதிகம்.

இச்சுருக்கங்கள் சிறுவர்களின் சோம்பலால் வந்தவை என்று ஒதுக்குவது சரியன்று. ஓஎம்ஜி, அதாவது 'ஓ மை காட்' (அட கடவுளே) என்பதை 1917இலேயே பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் பயன்படுத்தி, விரிவையும் அங்கேயே கொடுத்தார். குறுஞ்செய்திக்கு ஆங்கிலத்தில் 160 எழுத்துகளும், தமிழ் போன்ற மொழிகளில் 70 குறியீடுகளும் மட்டுமே என்ற வரம்பு இப்பழக்கத்தை வளர்த்தது. 2011இல் ஓஎம்ஜியும் எல்ஓஎல்லும் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றன.

பதில் எழுதும்போது, வந்த சுருக்கத்தையே திருப்பி எழுதாமல் நீங்கள் புரிந்துகொண்டதை முழுச் சொற்களில் எழுதுங்கள். "இருவருக்கு ஓர் இரவு, காலை உணவும் இரவு உணவும் சேர்த்து இவ்வளவு ரூபாய், சரியா?" என்று கேட்டுவிட்டால் பிறகு வாக்குவாதத்துக்கு இடமில்லை. ஏஎஸ்ஏபி (கூடிய விரைவில்), எஃப்ஒய்ஐ (உங்கள் தகவலுக்கு) போன்றவை அலுவலகக் கடிதங்களில் நிலைத்துவிட்டன. மற்றவற்றை ஆட்சியர் அலுவலகத்துக்கோ வங்கிக்கோ எழுதும் கடிதத்தில் தவிர்த்துவிடுங்கள்.

பெற்றோர் தெரிந்திருக்க வேண்டிய சுருக்கம் ஒன்று உண்டு. கேஎம்எஸ் என்பதை நாம் தூரத்தைக் குறிக்கும் கிலோமீட்டர் என்றே படிப்போம். முன்னால் எண் எதுவும் இல்லாமல், மகனோ மகளோ மனம் நொந்து எழுதிய வரியில் அது வந்தால், உயிரை மாய்த்துக்கொள்கிறேன் என்பதன் சுருக்கமாக இருக்கலாம். பலர் அதை மிகைப்பேச்சாகவே எழுதுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் எழுத்தை வைத்து முடிவுகட்டாமல் உடனே தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள், தேவைப்பட்டால் 24 மணி நேரமும் இயங்கும் அரசின் மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள். அங்கே தமிழிலும் பேசலாம்.